எல்லாப் படங்களிலும் இருக்கும் பச்சைக் கோப்பு

சிங்கப்பூரில் எடுத்த படங்கள் இன்னும் என் தொலைபேசியில் இருக்கின்றன. வாப்பா நிற்கும் படங்களில் ஒன்றில்கூட அவருடைய கைகள் வெறுமையாக இல்லை. ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் சிங்கச் சிலையின் முன்னால், தாவரப் பூங்காவின் ஓர்க்கிட் பந்தலுக்குக் கீழே, கடலுக்கு மேலே கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டிக்குள், எல்லா இடங்களிலும் அவர் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கோப்பினை மார்போடு அணைத்தபடி நிற்கிறார். கத்தாரில் வேலை செய்யும் என் நானாதான், அதாவது மூத்த சகோதரன்தான், வாப்பா, உம்மா, நான் என்று எங்கள் மூவருக்கும் விமானச் சீட்டு எடுத்துத் தந்தவர். படங்களைப் பார்த்துவிட்டு அவர் என்னை அழைத்தார்.

"வாப்பா என்ன, இன்டர்வியூக்கா போன?"

"இல்ல நானா. நிக்காஹ்வுக்கு."

"ஆர்ட நிக்காஹ்வுக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லி முடித்தபோது அவருடைய இடைவேளை முடிந்திருந்தது. இங்கே அதைச் சற்று ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

அது எங்கள் குடும்பத்தின் முதலாவது உல்லாசப் பயணம். வாப்பா பள்ளிவாசல்துறையில் படகு எஞ்சின் திருத்துபவர். கொழும்புக்குப் போனால்கூட உதிரிப்பாகக் கடைக்குப் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். உம்மா அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். நான்கு நாள் பயணத்துக்கு வரிக்கொப்பி ஒன்றில் மணிவாரியாக நேரசூசி எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்கென்று ஒதுக்கியது. அந்த நகரத்தில் பழைய காலத்தில் அச்சான தமிழ்ப் பத்திரிகைகளை ஒரு நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று விரிவுரையாளர் ஒருவர் சொல்லியிருந்தார். நான்கு நாட்களில் நான் கேட்டது அந்த இரண்டு மணித்தியாலம் மட்டுமே.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு மாமி பச்சைக் கோப்போடு வந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடையோடு கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். இங்கேதான் மணம் முடித்தார், இங்கேதான் இரண்டு பிள்ளைகளைப் பெற்றார், கணவரையும் இங்கேதான் அடக்கம் செய்தார். அவருடைய மகள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுக்கு மதுரங்குளியில் மாப்பிள்ளை பேசி, நாங்கள் திரும்பி வந்து மூன்றாம் நாள் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது.

நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுப்பதற்கு அவள் தரப்பில் ஓர் ஆண் வேண்டும். அவரை வலீ என்போம். தகப்பன் இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பன், அவரும் இல்லாவிட்டால் உடன்பிறந்த சகோதரன். யாருமே இல்லாவிட்டால் முஸ்லிம் நீதிபதியான காழியார். மாமியின் மகளுக்கு எஞ்சியிருந்த ஒரே வலீ அவளுடைய மூத்த சகோதரன். அவன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில், கப்பலில் ஏற்றும் கொள்கலன்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலையில் இருந்தான். தூரத்தில் இருக்கும் வலீ தன் பொறுப்பைப் பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் கதீபிடம் ஒப்படைத்து எழுதிக் கொடுக்கலாம். இரண்டு முஸ்லிம் ஆண்கள் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் விவாகப் பதிவுகாரருக்கு மூலக் கடிதம் கையில் வரவேண்டும். தொலைபேசியில் வரும் முகத்தை அவர் ஏற்பதில்லை. இரண்டு தடவை கடிதத்தைத் தபாலில் அனுப்பியும் பையன் திருப்பி அனுப்பவில்லை.

"கேட்டா, இன்னம் கிடைக்கல்ல, நானே வருவன் எண்டுறான்," என்றார் மாமி. "அவன் வராம, எழுதியும் தராட்டி காழியார் வலீயா நிப்பாராம். மார்க்கத்துல அதுக்கு ஒரு குறையும் இல்லையாம். ஆனா நானா, இந்த ஊருல எங்கள இப்பவும் அகதி எண்டுதான் சொல்லுறாங்க. காழியார் வந்து நிண்டா, ஆளில்லாத வீட்டுப் புள்ள எண்டுதான் மாப்பிள வீட்டுல கதைப்பாங்க. என்ட புள்ளைக்கு ஆள் இரிக்கி. இரிக்கி எண்டு காட்டத்தான் இந்தப் பேப்பர்."

வாப்பா எழுந்து, கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து கோப்பை வாங்கினார்.

"தங்கச்சி, இது அமானிதம். அவன்ட கையில குடுத்து, அவன்ட கையால வாங்கி, உங்கட கையில தருவன்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் விழுந்த பிறகு விவாதம் கிடையாது. கோப்பை என் பயணப்பையில் வைக்கலாம் என்றேன். பை தொலையலாம் என்றார். விடுதி அறையின் அலுமாரியில் பூட்டலாம் என்றேன். அது நம்முடைய அலுமாரி இல்லை என்றார். ஆகவே கோப்பு அவருடைய மார்பில் ஏறியது. நான்கு நாட்களும் அங்கேயே இருந்தது.

முதல் நாள் மதியம் விடுதிக்கு வந்ததும் வாப்பா பையனை அழைத்தார். அவன் உற்சாகமாகத்தான் கதைத்தான். "மாமா, அஞ்சு மணிக்கு அந்தச் சிங்கச் சிலையடிக்கி வாங்க. ஆறு கடல்ல விழுற இடம். ஆரக் கேட்டாலும் காட்டுவாங்க. நான் வந்திருவன்."

என் நேரசூசியில் ஐந்து மணிக்கு இருந்தது படகுச் சவாரி. அதை அழித்துவிட்டுச் சிலையடிக்குப் போனோம். தலை சிங்கம், உடல் மீன். வாயிலிருந்து தண்ணீர் விடாமல் பாய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி உலகத்தின் பாதிப்பேர் நின்று படம் எடுத்தார்கள்.

"என்ன இது, சிங்கம் சத்தி எடுக்குது?" என்றார் உம்மா.

"வால் சரியில்ல," என்றார் வாப்பா. "இந்த வாலை வச்சிக்கொண்டு இது ஒரு நாளும் நீந்தாது."

ஆறு மணியானது. வாப்பா உயரமான படியொன்றில் ஏறி, எல்லாருக்கும் தெரியும்படி கோப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ பயணக் குழுவின் வழிகாட்டி என்று நினைத்து இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் அவரருகில் வந்து வரிசையில் நின்றார்கள். நான் அவர்களிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். ஆறரைக்கு ஒரு குரல் செய்தி வந்தது: "மாமா, டியூட்டி மாறிப் பெய்த்து. கோவிக்காதீங்க. நாளைக்கி பூந்தோட்டத்துக்கு வாங்க, ஓர்க்கிட் பூ இரிக்கிற பக்கம். பதினொரு மணி."

"பாவம், டியூட்டி," என்றார் வாப்பா.

மறுநாள் பதினொரு மணிக்கு ஓர்க்கிட் பூக்களுக்கு நடுவே நின்றோம். பன்னிரண்டு மணிக்கும் நின்றோம். சூரியன் தலைக்கு நேரே வந்தது. உம்மா குடையை விரித்துக்கொண்டு, ஒவ்வொரு செடியின் பெயர்ப் பலகையையும் என்னை வாசிக்க வைத்தார். லத்தீன் பெயர்களை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது என் கல்வியின் நோக்கமாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. பன்னிரண்டரைக்கு அடுத்த செய்தி: "மாமா, இங்க கிறேன் பழுதாகி வேல முடியல்ல. பின்னேரம் கம்பிக் காருல ஏறி அந்தப் பக்கம் தீவுக்கு வாங்க. ஏறக்குள்ள வலப்பக்கம் இரிங்க. அப்பதான் துறைமுகம் முழுக்கத் தெரியும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை கேட்டேன். வரப்போகிறவன், வருகிறவர்கள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ஏன் கவலைப்பட வேண்டும்?

"வாப்பா, அவர் வரமாட்டார். எங்கள ஊர் பாக்க அனுப்புறார்."

"அப்பிடிச் சொல்லாத மகள். கிறேன் பழுதாப் போனா என்ன செய்யலாம்? எஞ்சின் எண்டா நான் போய்ப் பாத்துக் குடுப்பன்."

"அவன்ட புண்ணியத்துல நல்ல இடமெல்லாம் பாக்கிறம்," என்றார் உம்மா. "உன்ட லிஸ்ட்டுல இந்தக் கம்பிக் கார் இல்லையே."

என் பட்டியலில் அது இல்லாததற்குக் காரணம் எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்பது. வலப்பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். உம்மாவும் வாப்பாவும் கண்டதைத்தான் சொல்கிறேன்: கீழே பாரந்தூக்கிகள் வரிசையாக நின்றன, நிறம் நிறமாகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன, அப்பால் கடலில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நங்கூரமிட்டிருந்தன.

"இத்தின கப்பல் நிக்கி," என்று வாப்பா கோப்பின் மேல் நாடியை வைத்துக்கொண்டு சொன்னார். "ஒரு பொடியனக் காணல்ல."

தீவிலும் அவன் இல்லை. அங்கே ஒரு கடலோர வாங்கில் உட்கார்ந்து, அந்தப் பக்கமாக வந்த ஒவ்வோர் இளைஞனையும் வாப்பா கூர்ந்து பார்த்தார். இருவருக்கு ஸலாம்கூடச் சொன்னார். ஒருவர் பதில் சொன்னார். அவர் மலேசியாவிலிருந்து தேனிலவுக்கு வந்தவர். அவருடைய மனைவிக்கு வாப்பாவின் கோப்பின்மேல் சந்தேகம் ஏற்பட்டதைப் பார்த்தேன். காப்புறுதி விற்பவர் என்று எண்ணியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை என்னுடையது. ஒன்பது மணிக்கே உடுத்தி, கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஆயத்தமாக இருந்தேன். ஒன்பது பத்துக்கு வாப்பாவின் தொலைபேசி அடித்தது. பத்து மணிக்குத் துறையடிக்கு வரவேண்டுமாம். சுற்றியுள்ள தீவுகளுக்குப் போகும் படகுகள் புறப்படும் இடமாம். இந்த முறை கட்டாயமாம்.

நான் கத்தவில்லை. எங்கள் வீட்டில் எனக்குக் கத்தும் பழக்கமில்லை. "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் லைப்ரரிக்குப் போறன்," என்றேன்.

"அங்க ஆரிட்டயாவது இங்கிலிசுல கேக்க வேண்டி வந்தா?" என்றார் வாப்பா.

"தமிழ்லயும் கேக்கலாம். இங்க தமிழ் இரிக்கி."

"பேப்பருல ஏதாவது எழுதணும் எண்டா? என்ட கையெழுத்து உனக்குத் தெரியும்தானே. மகள், அந்தப் புள்ள உன்னோட படிச்ச புள்ள."

கொப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போது அந்த நூலகத்தின் கட்டடம் கண்ணில் பட்டது. அதை உம்மாவுக்குக் காட்டினேன். "பெரிசுதான்," என்றார். பஸ் திரும்பிவிட்டது.

துறையடியில் ஒரு படகின் எஞ்சினைப் பார்ப்பதற்காக வாப்பா குனிந்ததைத் தவிர வேறொன்றும் நிகழவில்லை. பதினொன்றே காலுக்கு ஒரு செய்தி வந்தது. அதைக் கேட்காமலே தொலைபேசியை வாப்பாவின் கையிலிருந்து வாங்கினேன். அந்தப் பையனோடு நான் அதுவரை நேரில்கூட அதிகம் கதைத்ததில்லை. ஆனாலும் எழுதினேன். இவ்வளவுதான் எழுதினேன்: நாளைப் பின்னேரம் எங்கள் விமானம். கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் கொண்டுபோய் உங்கள் உம்மாவிடம் கொடுப்போம். ஏன் என்று கேட்பார். நீங்கள் எங்கே, எத்தனை மணிக்கு வரச் சொன்னீர்கள், எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை வரிசைப்படி குறித்து வைத்திருக்கிறேன். அதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். உங்கள் தங்கைக்குக் காழியார் வலீயாக நிற்பார். இன்று காலை நான் ஒரு நூலகத்தில் இருந்திருக்க வேண்டும். இந்த நகரத்தில் நான் பார்க்க விரும்பிய ஒரே இடம் அது.

கடைசி வாக்கியம் தேவையற்றது. அதை அழிக்க எண்ணியபோது விரல் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. துறைமுகத்துக்கு அருகே ஒரு பள்ளிவாசலின் பெயர், நாளை நண்பகல் ளுஹர் தொழுகை, "வாறன்" என்ற ஒரு சொல். இந்த முறை காரணமோ, எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்ற குறிப்போ இல்லை.

நான்காம் நாள், ளுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நானும் உம்மாவும் வெளி விறாந்தையில் நின்றோம். வாப்பாவோடு இருவர் வந்தார்கள். ஒருவன் எனக்குத் தெரிந்த முகம், ஆனால் மெலிந்து வெயிலில் கறுத்திருந்தான்; செம்மஞ்சள் மேலங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். மற்றவர் அவனோடு வேலை செய்பவர், எங்கள் கரைக்கு எதிர்க்கரையான இராமநாதபுரத்துக்காரர். அவரைச் சாட்சிக்காக அழைத்து வந்திருந்தான். அதைக் கண்டபோதுதான் கையெழுத்து வைக்கத்தான் வந்திருக்கிறான் என்று நம்பினேன்.

பையன் உம்மாவுக்கு ஸலாம் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை.

"முதல் நாள் நான் வந்த மாமி," என்றான் உம்மாவிடம். "சிங்கச் சிலையடிக்கி. பாலத்துல நிண்டு பாத்தன். மாமா படியில ஏறி பைலத் தூக்கிப் பிடிச்சிக்கொண்டு நிண்டார். அந்தப் பைலக் கண்டதும் கிட்ட வர ஏலாமப் பெய்த்து."

"ஏன் தம்பி, பைல் கடிக்குமா?" என்றார் வாப்பா. நான்கு நாட்களில் அவர் சொன்ன ஒரே கடுமையான வார்த்தை அதுதான்.

பையன் விறாந்தைப் படியில் உட்கார்ந்தான். நிக்காஹ்வுக்கு வருவேன் என்று ஒரு வருடமாக உம்மாவுக்கும் தங்கைக்கும் சொல்லிக்கொண்டிருந்தானாம். லீவு கேட்டானாம். இல்லை என்றார்களாம். மீறிப் போனால் திரும்பி வர முடியாதாம். அதை வீட்டுக்குச் சொல்லவில்லையாம். "மாப்பிளைட கையப் புடிச்சி நான்தான் குடுக்கணும் எண்டு வாப்பா மௌத்தாகி அடக்கின அண்டைக்கே நெனச்சது. இதுல கையெழுத்து வச்சா வரல்ல எண்டு முடிஞ்சி பெய்த்துதானே. கடைசி நாள் வரைக்கும் பாப்பம் எண்டு இருந்தன்."

"பொறகு ஏன் எங்கள அங்கயும் இங்கயும் அலைய விட்ட?" என்று உம்மா கேட்டார்.

"உம்மாவையும் தங்கச்சியையும் ஒரு நாளைக்கிக் கூட்டிட்டு வந்தா காட்டுற எண்டு வச்சிருந்த இடங்கள் மாமி. நீங்களாவது பாக்கட்டும் எண்டு."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பையனின் விளக்கம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் என் காலைநேரம் திரும்பி வந்துவிடவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

வாப்பா ஒருவழியாகக் கோப்பைத் திறந்தார். நான்கு நாட்களில் முதல் தடவையாக அதற்குள் காற்றுப் பட்டது. பதிவுகாரரின் தட்டெழுத்தாளர் அடித்த கடிதம். பையன் வாசித்துக்கொண்டே வந்து நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தான்: 'தொழில் நிமித்தம் வெளிநாட்டில் வசிப்பதாலும், மேற்படி வைபவத்துக்குச் சமுகமளிக்க இயலாமையாலும்.'

"இத எடுக்க ஏலாதா?"

"பதிவுகாரர் அடிச்ச பேப்பர் தம்பி. வெட்டினா எடுக்க மாட்டார்."

"இத மைக்குல வாசிப்பாங்க மாமா. வரல்ல எண்டத ஊர் முழுக்கக் கேக்க வேணுமா?"

"பாய், பிளைட்டுக்கு நேரமாகுதுல்ல?" என்றார் இராமநாதபுரத்துக்காரர். "நீ போடுற கையெழுத்துக்கு நாலு நாளா ஒரு குடும்பத்தையே வெயில்ல காய வச்சிருக்க. போடுப்பா."

பையன் போடவில்லை. வாப்பா கோப்பை மூடவும் இல்லை. விமான நிலையத்துக்குப் போக ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. இரண்டு ஆண்களும் ஒரு வாக்கியத்தின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அசையாமல் இருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுமை முற்றாகவே போய்விட்டது. கைப்பையிலிருந்து வரிக்கொப்பியை எடுத்தேன். நேரசூசி எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் வெற்றுத்தாள் நிறைய இருந்தது. நிறைவேறாத நேரசூசிக்கு அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. ஒரு தாளைக் கிழித்தேன். பெயர்கள், தகப்பன் பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், விலாசம் எல்லாவற்றையும் தட்டெழுத்துக் கடிதத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதினேன். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"என்ன எழுத?" என்று நேரே அவனிடமே கேட்டேன்.

அவன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். கம்பி இறுக்கிக் கட்டிய தழும்புகள் அதில் குறுக்கே ஓடின.

"கதீபுட கை என்ட கைதான் எண்டு எழுதுங்க."

எழுதினேன்: 'என் தங்கையை நிக்காஹ் முடித்துக் கொடுக்கும் பொறுப்பை, அவரது கையை என் கையாகவே கருதி, கதீப் அவர்களிடம் முழு விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன்.' வாப்பா வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். "சரிதான்," என்றார். பையன் கையெழுத்து வைத்தான். வாப்பா முதற் சாட்சியாக வைத்தார். இராமநாதபுரத்துக்காரர் இரண்டாவது சாட்சியாக வைத்துவிட்டு, "கல்யாணச் சோறு எனக்கும் வந்து சேரணும் பாய், சாட்சிக்குக் கூலி அதான்," என்றார். கடிதத்தை எழுதியவள் சாட்சியாக முடியாது. அதற்கு ஆண்கள் வேண்டும். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

போகும்போது பையன் முதல் தடவையாக என்னைப் பார்த்தான். "எந்த லைப்ரரி?" என்று கேட்டான். சொன்னேன். என் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டான்.

பதிவுகாரர், நாங்கள் பயந்தபடியே, வரிக்கொப்பித் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "நான் அடிச்ச பேப்பர் எங்க?"

"அதுவும் இரிக்கி," என்று வாப்பா கோப்பிலிருந்து எடுத்து வைத்தார். "அதுல கையெழுத்து இல்ல. இதுல இரிக்கி."

"காரணம் எழுதல்லையே. ஏன் வரல்ல எண்டு எழுத வேணும்."

அருகில் இருந்த கதீப் தாளை வாங்கி வாசித்தார். "வலீட விருப்பம் இரிக்கி, ரெண்டு சாட்சி இரிக்கி. மார்க்கம் கேக்கிறது அவ்வளவுதான். காரணத்த நீங்க வச்சிக்கொள்ளுங்க."

அன்று பின்னேரம் மாமி வந்தார். வாப்பா சொன்னபடி, பெற்ற அமானிதத்தை அவருடைய கையிலேயே கொடுத்தார். மாமிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனாலும் என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இது நீ எழுதினதா புள்ள, அவன் சொன்னதா?"

"எழுத்து என்னுடையது மாமி. கை பற்றிச் சொன்னது அவர்தான்."

"அப்ப அவன் வரல்ல," என்றார் மாமி. காரணம் எழுதாத தாளில் அவர் அதை வாசித்துவிட்டார். பிறகு, "இன்னொருக்கா வாசி," என்றார். மூன்றாம் முறையும் கேட்டபோது உம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். வாசித்தேன்.

நிக்காஹ் எங்கள் பள்ளியில் நடந்தது. பெண்கள் மாமியின் வீட்டில் இருந்தோம். பள்ளியின் ஒலிபெருக்கிதான் எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லும். கதீப் இறைவனைப் புகழ்ந்து ஹம்து சொல்லி, கடிதத்தை வாசிக்கத் தொடங்கினார். அந்த வாக்கியம் வருவதற்குச் சரியாக முன்னால், சமையல் பக்கத்தில் ஒருவர் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கச் சொல்லிக் கத்தினார். என் பக்கத்தில் இருந்த, சித்தி முறையான ஒரு சாச்சி என் தோளைத் தட்டினார்.

"சிங்கப்பூர் எப்பிடி புள்ள? அந்தச் சிங்கத்தப் பாத்தியா?"

"பாத்தன் சாச்சி."

"பெருசா?"

அவருடைய கேள்விக்குக் கைகளால் அளவு காட்டி முடித்தபோது கடிதம் முடிந்து, மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது மட்டும் கேட்டது. மாமி மட்டும் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

அரைமணி நேரத்தில் என் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வேலை இடைவேளையில் பையன் எழுதியிருந்தான்: 'வாசிச்சாங்களா? கேட்டிச்சா?'

எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று எழுத மனம் வரவில்லை. பள்ளியிலிருந்து திரும்பிய வாப்பாவை வாசலிலேயே மறித்தேன்.

"அந்த வரிய வாசிச்சாரா?"

"முழுசா வாசிச்சார். பொறகு, மாப்பிளைட கையப் புடிக்கக்குள்ள, 'இது தமையன்ட கை' எண்டும் சொன்னார்."

அதை அப்படியே அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், வேலை முடிந்த கையோடு போனான் போலும். பதினேழு படங்கள் ஒன்றாக வந்தன. அந்த நூலகம், அந்தக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பழுப்பேறிய பத்திரிகைகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் மின்விளக்கு விழுந்து தலைப்பை மறைத்திருந்தது. ஒன்றில் தொலைபேசியைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், ஒரு பின்னேரம் முழுவதும் முயன்றேன். பதினேழு படங்களிலும் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. செம்மஞ்சள் மேலங்கியும் தொலைபேசியைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் கண்ணாடியில் தெளிவாக விழுந்திருந்தன.